ஃபாஸ்ட்பிட்ச் சாஃப்ட்பால்: ஸ்ட்ரைடின் நீளத்தைக் கடைசியாகப் பாருங்கள்

சாஃப்ட்பாலில் பிட்சிங், அதாவது பேட்டருக்குப் பந்து வீசும் பயிற்சி நடக்கும் இடத்தில் பத்து நிமிடம் நின்றால் "இன்னும் கொஞ்சம் நீளமா வை" என்ற குரல் ஒரு முறையாவது காதில் விழும். வேகம் வரவில்லை என்றால் காலை நீட்டச் சொல்கிறார்கள். பந்து மேலே போனாலும் அதையேதான் சொல்கிறார்கள். வீசுகிறவளும் அடுத்த பந்துக்கு ஒரு சாண் கூடுதலாக நீட்டுவாள். உடம்பு முன்னால் சாயும், குதிகால் முதலில் தரையில் குத்தும், வேகம் முன்பிருந்ததைவிடக் குறையும். பிறகு கையில்தான் கோளாறு என்று மணிக்கட்டைத் திருத்த ஆரம்பித்துவிடுவார்கள்.

ஸ்ட்ரைடு என்பது வீசும்போது காலை முன்னால் எடுத்து வைக்கும் எட்டு. அதன் நீளம் தானாக வரவேண்டியது. தள்ளும் திசை, தள்ளுவதற்கு முந்தைய இருப்பு, ஊன்றும் பாதத்தின் கோணம், பின்னால் இழுபடும் கால் இவை நான்கும் ஒழுங்கானால் அந்த உடம்புக்குப் பொருத்தமான நீளம் கேட்காமலே வந்துவிடும். இவற்றில் ஒன்று கெட்டிருக்கும்போது நீளத்தை மட்டும் கூட்டினால் கோளாறும் சேர்ந்து வளரும்.

நீளத்தால் பயனே இல்லை என்று சொல்ல வரவில்லை. கல்லூரி அளவிலும் அதற்கு மேலும் பெண்கள் ஆட்டத்தில் ரப்பரிலிருந்து (பிட்சர் கால் வைத்து வீசும் பலகை) ஹோம் பிளேட்டுக்கு (பேட்டருக்குப் பக்கத்தில் தரையில் உள்ள தட்டு) 43 அடி, அதாவது 13.11 மீட்டர். மணிக்கு 60 மைல், ஏறக்குறைய 97 கிலோமீட்டர் வேகத்தில் போகும் பந்து வினாடிக்கு 88 அடி கடக்கும். ரப்பருக்கு 6 அடி முன்னால் பந்து கையை விட்டால், பேட்டருக்குக் கிடைக்கும் நேரம் 0.42 வினாடி. ஸ்ட்ரைடு ஓர் அடி கூடினால் அதில் 0.01 வினாடி குறையும். பேட்டரின் கண்ணுக்குப் பந்து மணிக்கு ஒன்றரை மைலுக்குச் சற்று மேல் வேகம் கூடியதுபோல் தெரியும். நல்ல லாபம்தான். ஆனால் ஊன்றிய கால் தொய்ந்துபோனால் இதைவிட அதிகமாக இழக்க நேரும்.

இரண்டு சொற்களை முதலில் பிரித்துவைத்துக்கொள்வோம். ரப்பரிலிருந்து உந்தும் கால், தள்ளும் கால். முன்னால் போய்த் தரையில் நிற்கும் கால், ஊன்றும் கால். வலக்கைப் பிட்சருக்கு வலது தள்ளும் கால், இடது ஊன்றும் கால். முன்கால், பின்கால் என்று சொன்னால் குழப்பம் வரும், ஏனென்றால் தொடக்கத்தில் ரப்பரின் முன்பக்கம் இருப்பது தள்ளும் கால். கீழே சொல்வதெல்லாம் வலக்கைப் பிட்சருக்கு. இடக்கைக்காரர்கள் பக்கத்தை மாற்றிக்கொள்ளவும்.

ரப்பரில் நிற்கும்போது

ரப்பர் 24 அங்குல அகலம், 6 அங்குல ஆழம். தள்ளும் காலின் குதிகால் ரப்பரின் முன்விளிம்பில் இருக்க, பாதத்தின் முன்பகுதி மண்ணில் இறங்கியிருக்கட்டும். ஊன்றும் காலின் பெருவிரல் ரப்பரின் பின்விளிம்பைத் தொட்டபடி இருக்கட்டும். இரண்டு கால்களும் ரப்பரைத் தொட வேண்டுமா, ஒன்று போதுமா, பின்னால் ஓரடி வைக்கலாமா என்பதெல்லாம் நீங்கள் ஆடும் போட்டியின் விதிப்புத்தகத்தைப் பொறுத்தது. அதைப் படித்துவிட்டுப் பழகத் தொடங்குங்கள். ஒரு விதிக்குப் பழகிய காலை இன்னொரு விதிக்கு மாற்ற ஒரு சீசன் முழுக்கப் போய்விடும்.

தள்ளும் பாதம் ஹோம் பிளேட்டை நோக்கியோ, மூன்றாம் பேஸ் பக்கம், அதாவது வலப்பக்கம் சற்றே திரும்பியோ இருக்கலாம். பாதிக்கு மேல் திரும்பினால் கணுக்காலும் கெண்டைக்கால் தசையும் உந்துதலில் கலந்துகொள்ளாது. பக்கவாட்டாக நகர்வது மட்டும்தான் மிஞ்சும்.

ரப்பருக்கு முன்னால் இருக்கும் பள்ளத்தையும் பாருங்கள். முந்தைய பிட்சர் தோண்டிய குழியில் உங்கள் பாதம் ஐந்து சென்டிமீட்டர் இறங்கிவிட்டால், தள்ளும் கோணம் தொடக்கத்திலேயே மாறிவிடும். ஒவ்வோர் இன்னிங்ஸுக்கும் முன்பு காலால் மண்ணை இழுத்து நிரப்பி, மிதித்து இறுக்குங்கள். ஊன்றும் இடத்தில் விழுந்திருக்கும் குழியையும் மூடுங்கள். அந்தக் குழியின் சரிவில் கால் பட்டால் கணுக்கால் மடங்கவும் கூடும். சாஃப்ட்பாலில் மேடு கிடையாது, வட்டம் தட்டையானது. அதைத் தட்டையாக வைத்துக்கொள்வது பிட்சரின் வேலையில் ஒரு பகுதி.

தள்ளுவதற்கு முன் வரும் இருப்பு

எடை முதலில் பின்னால் இருக்கும் காலுக்குப் போய், அங்கிருந்து தள்ளும் காலுக்கு வரவேண்டும். அப்படி வரும்போது இடுப்பு பின்னோக்கித் தள்ளப்பட்டு, கால்வாசி உட்கார்ந்த நிலை உண்டாகும். முதுகு நேராக இருக்க, இடுப்பு மூட்டிலிருந்து மட்டும் மடங்க வேண்டும். முழங்கால் பெருவிரலைத் தாண்டி முன்னால் போகும், குதிகால் மெல்ல எழும். இந்த நிலையில் கீழ்க்கால் எலும்பு ஹோம் பிளேட் பக்கம் சாய்ந்திருக்கும். உடம்பு எந்தப் பக்கம் போகும் என்பதை அந்தச் சாய்வுதான் தீர்மானிக்கிறது. கீழ்க்கால் செங்குத்தாக நிற்கும்போதே தள்ளினால் உடம்பு மேலே எழும்பும். பார்க்க ஆர்ப்பாட்டமாகத்தான் இருக்கும், ஆனால் முன்னால் போவது குறைவு, இறங்கும்போது ஊன்றும் காலுக்கு அடியும் அதிகம்.

பெரும்பாலானவர்கள் இங்கே செய்யும் தவறு, இடுப்புக்குப் பதிலாக முதுகை வளைப்பது. தலை கீழே போகிறது, பின்புறத் தசைகள் வேலை செய்யாமலே இருந்துவிடுகின்றன. சோதிக்க எளிய வழி இருக்கிறது. சுவருக்கு முதுகு காட்டி, ஒரு சாண் தள்ளி நின்று, பின்புறம் சுவரைத் தொடும்படி மடங்கச் சொல்லுங்கள். தலை தரையைப் பார்க்காமல், முழங்கால் கொஞ்சமே மடங்க இதைச் செய்ய முடிந்தால் இடுப்பு மூட்டு வேலை செய்கிறது. முடியாதவர்களை ரப்பரில் நிறுத்தித் திருத்துவதைவிட முதலில் இதைத் தினம் இருபது முறை செய்யவைப்பது நல்லது.

தள்ளுவதும் காற்றில் போவதும்

ரப்பரைப் பின்னோக்கித் தள்ள வேண்டும். கீழ்நோக்கி மிதித்தால் எழும்பல்தான் கிடைக்கும். ஊன்றும் காலின் முழங்கால் ஹோம் பிளேட்டை நோக்கி நேராக முன்னால் போகட்டும். பாதத்தை வெளியே வீசி, வட்டமடித்துக் கொண்டுவரும் பழக்கம் உள்ளவர்கள் நிறைய. அந்த வட்டம் இடுப்பை மூன்றாம் பேஸ் பக்கம் சீக்கிரமே திறந்துவிடும், பிறகு ஹோம் பிளேட்டை நோக்கி மூடுவதற்குள் கை கீழே வந்துவிடும்.

கைக்கும் காலுக்கும் உள்ள நேரக்கணக்கைக் கைச்சுற்றின் நான்கு புள்ளிகளை வைத்துச் சொல்லலாம். பந்து முன்னால் கிடைமட்டத்துக்கு வரும்போது ஊன்றும் முழங்கால் தன் உச்சியில் இருக்கும், தள்ளும் கால் ஏறக்குறைய நீண்டிருக்கும். பந்து தலைக்கு மேல் உச்சியில் இருக்கும்போது ஊன்றும் பாதம் தரையைத் தேடிக்கொண்டிருக்கும். உச்சிக்கும் பின்பக்கக் கிடைமட்டத்துக்கும் நடுவில் எங்கோ பாதம் தரையில் அமரும். பந்து கீழே வந்து இடுப்புக்குப் பக்கத்தில் விடுபடும்போது கால் ஏற்கனவே உறுதியாக நின்றிருக்க வேண்டும். ஊன்றியதற்கும் விடுவதற்கும் நடுவே உள்ள நேரம் சுமார் பத்தில் ஒரு வினாடிதான். கை அவசரப்பட்டால் இந்த இடைவெளி சுருங்கி, கால் தரையில் பதிவதற்குள் பந்து போய்விடும். "கையை வேகமா சுத்து" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தால் இந்தக் கோளாறைத்தான் வளர்ப்போம்.

ஊன்றும் கால்

வேகம் இங்கேதான் பந்துக்குப் போகிறது. முன்னால் பாய்ந்துவரும் இடுப்பை ஊன்றிய கால் தடுக்கும்போது, அதற்கு மேலே உள்ள உடம்பும் தோளும் கையும் அடுத்தடுத்து வேகம் பெறுகின்றன. ஓடும் பேருந்தில் டிரைவர் சட்டென்று பிரேக் போட்டால் நிற்கிறவரின் கால் நின்றுவிடும், மேலுடம்பு முன்னால் பாயும். பிரேக் மெதுவாகப் பிடித்தால் யாருக்கும் எதுவும் ஆகாது. பிட்சிங்கில் நமக்கு வேண்டியது சட்டென்ற பிரேக். ஊன்றும் கால் அந்த நொடியில் உடல் எடையைவிட அதிகமான விசையைத் தாங்குகிறது. அதனால்தான் முழங்காலும் இடுப்பும் பலமில்லாத சிறுமியிடம் பெரிய ஸ்ட்ரைடு கேட்பதை ஆபத்து என்கிறோம்.

பாதத்தின் கோணம் 30 முதல் 45 டிகிரி, மூன்றாம் பேஸ் பக்கம் திரும்பியபடி. பாதம் ஹோம் பிளேட்டை நேராகப் பார்த்தால் தடுப்பு போய்விடும், முழங்கால் முன்னால் வழிந்து ஓடும், இடுப்பும் சீக்கிரம் மூடிக்கொள்ளும். 90 டிகிரிக்குத் திரும்பிவிட்டால் இடுப்பு பூட்டிக்கொள்ளும், மேலுடம்பு திரும்ப முயலும்போது அந்த முறுக்கு முழுவதும் முழங்காலின் உட்பக்கத்தில் விழும். முழங்கால் வலி என்று வருகிறவர்களிடம் நாங்கள் முதலில் பார்ப்பது இந்தக் கோணத்தைத்தான்.

பாதத்தின் முன்பகுதி முதலில் பட்டு உடனே முழுப்பாதமும் அமரலாம், அல்லது முழுப்பாதமும் ஒரே நேரத்தில் அமரலாம். குதிகால் மட்டும் முதலில் குத்தினால் கால் உடம்பைவிட ரொம்பத் தூரம் போய்விட்டது என்று பொருள். முழங்கால் கொஞ்சம் மடங்கியிருக்கும், 20 முதல் 30 டிகிரி வரை. முக்கியமானது அதற்குப் பிறகு நடப்பது. பந்து விடும் வரை அந்த மடக்கம் கூடக்கூடாது. அப்படியே இருக்கலாம், கொஞ்சம் நிமிரலாம். இன்னும் மடங்கினால் பிரேக் வழுக்குகிறது என்று அர்த்தம். உள்பக்கமாக, அதாவது வலது முழங்காலை நோக்கி மடங்கினால் இடுப்பின் பக்கவாட்டுத் தசை பலவீனமாக இருக்கிறது. வாயால் சொல்லித் திருத்த முடியாது, உடற்பயிற்சிதான் வழி.

உடம்பு நிமிர்ந்தோ மிகச் சற்றே பின்னால் சாய்ந்தோ இருக்கட்டும். பக்கவாட்டு வீடியோவில் தொப்புள் ஊன்றிய முழங்காலுக்குப் பின்னால் தெரிய வேண்டும். மூக்கு முழங்காலுக்கு மேல் வந்துவிட்டால், தடுப்பதற்கு எதுவும் மிச்சமில்லை, எடை ஏற்கனவே தாண்டிப் போய்விட்டது. அந்த நிலையில் வேகம் வேண்டுமென்றால் தோள்தான் கூடுதலாக உழைக்க வேண்டும். தோளின் முன்பக்கத்திலும் மேல்கைத் தசையிலும் வரும் வலிகளில் பலவற்றின் தொடக்கம் இந்தச் சாய்வில்தான் இருக்கிறது.

பாதம் எங்கே விழ வேண்டும்? தள்ளும் பாதத்தின் நடுவிலிருந்து ஹோம் பிளேட்டின் நடுவுக்கு ஒரு கோடு போடுங்கள். ஊன்றும் பாதம் அந்தக் கோட்டின் மேலோ, அதை ஒட்டி இடப்பக்கம் சற்றே தள்ளியோ விழலாம். கோட்டைத் தாண்டி வலப்பக்கம், மூன்றாம் பேஸ் பக்கம் விழுந்தால் இடுப்பு கையின் பாதையை மறித்துக்கொள்ளும். கை சுற்றிக்கொண்டு வரும். பந்து ஒரு முறை வலப்பக்கம் தப்பும், அதைத் திருத்த இழுக்கும்போது இடப்பக்கம் தப்பும். இரண்டு பக்கமும் மாறி மாறித் தப்புகிறவரின் கையைப் பார்க்காதீர்கள், பாதச்சுவட்டைப் பாருங்கள். கோட்டுக்கு இடப்பக்கம் ரொம்பத் தள்ளி விழுந்தால் உடம்பு முதல் பேஸ் பக்கம் சாய்ந்துபோகும், பந்து விட்ட பிறகு ஓரடி அந்தப் பக்கம் எடுத்து வைக்காமல் நிற்க முடியாது. விதிப்படியும் ஸ்ட்ரைடு ரப்பரின் 24 அங்குல அகலத்துக்குள் இருக்க வேண்டும்.

மண்ணில் விழும் கோடு

தள்ளி முடித்த கால் சும்மா பின்தொடர வேண்டும். பெருவிரலின் உட்பக்கம் மண்ணை லேசாக உரசியபடி, முழங்கால் மற்ற முழங்காலை நோக்கி உள்ளே வர, அந்தக் கால் இழுபட்டு வரும். ஒரு பந்து வீசியதும் மண்ணைப் பாருங்கள். கேமரா இல்லாத இடத்தில் இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

கோடு மெல்லியதாக, ஏறக்குறைய நேராக, ஊன்றிய பாதத்துக்குப் பின்னால் வந்து முடிந்தால் எல்லாம் சரி. தொடக்கத்தில் லேசான வளைவு இருப்பது பரவாயில்லை, பாதம் திரும்புவதால் வருவது அது. கோடு ஆழமாக உழுதது போல் இருந்தால் எடை தள்ளிய காலிலேயே தங்கியிருக்கிறது, ஒவ்வொரு பந்துக்கும் நங்கூரத்தை இழுத்துக்கொண்டு வருகிறாள். பாதத்தின் உட்பக்க ஓரம் முழுவதும் உரசிய அகலமான கோடு, பாதம் 90 டிகிரி திரும்பிப் படுத்துவிட்டதைக் காட்டும். கோடு ரப்பருக்கு ஓரடி முன்னால் நின்றுபோயிருந்தால் கால் பின்தங்கிவிட்டது, இடுப்பு மூட வழியில்லை.

கோடே இல்லாமல் வெற்றிடம், பிறகு திடீரென்று ஒரு சுவடு என்றால் இரண்டு பாதங்களும் ஒரே நேரத்தில் காற்றில் இருந்திருக்கின்றன. இதை லீப் என்கிறார்கள். ஆண்கள் ஆட்டத்தில் நெடுங்காலமாக அனுமதி உண்டு. பெண்கள் ஆட்டத்தில் அண்மை ஆண்டுகளில் சில அமைப்புகள் விதியைத் தளர்த்தியிருக்கின்றன. எனவே நடப்பு ஆண்டின் புத்தகத்தைப் பார்க்காமல் யாரையும் திருத்தவோ குறைசொல்லவோ வேண்டாம். க்ரோ ஹாப் வேறு விஷயம். ரப்பரை விட்டு முன்னால் வந்த தள்ளும் கால் மறுபடி தரையில் ஊன்றி, அங்கிருந்து இரண்டாம் முறை தள்ளுவது அது. மண்ணில் அது கோட்டின் நடுவே ஓர் அழுத்தமான குழியாகத் தெரியும். அது விதிமீறல். அதை நீக்கும் வழி, முதல் தள்ளலை முடிக்கவைப்பது. ரப்பரில் முழுதாகத் தள்ளாமல் நழுவி வருகிறவர்தான் இரண்டாவது தள்ளலைத் தேடுகிறார்.

இழுபடும் காலின் ஷூ முனை சீக்கிரம் தேய்ந்து ஓட்டையாகும். அதன் மேல் மாட்டும் தோல் அல்லது பிளாஸ்டிக் உறை ஒன்றை வாங்கிப் போட்டுவிடலாம். ஷூ வாரக்கணக்கில் தேய்கிறது என்றால் உறையைவிட மேலே சொன்ன ஆழக்கோட்டைக் கவனிப்பது அவசரம்.

இடுப்பை எவ்வளவு மூடுவது

பாதம் ஊன்றும்போது இடுப்பு மூன்றாம் பேஸ் பக்கம் பாதிக்கு மேல் திறந்திருக்கும். பந்து விடும்போது ஓரளவு மூடியிருக்கும், முழுதாக மூடியிருக்காது. முன்பெல்லாம் "கதவைச் சாத்து" என்று இடுப்பை முழுவதும் ஹோம் பிளேட்டை நோக்கித் திருப்பச் சொல்லிக்கொடுத்தார்கள். இன்னும் பல இடங்களில் அதுதான் நடக்கிறது. அப்படிச் சாத்தினால் வலது இடுப்பு எலும்பு கை வரும் பாதைக்குள் வந்துவிடும், கை வெளியே விலகிச் சுற்ற நேரும். முன்கை இடுப்பின் பக்கத்தை லேசாக உரசிச் செல்லும்போதுதான் கீழ்க்கையும் மணிக்கட்டும் சுண்டிவிடப்படுகின்றன. இடுப்பு அந்த இடத்தில் கைக்காகக் காத்திருக்க வேண்டும். மிச்ச மூடல் பந்து போன பிறகு தானாக நடக்கட்டும், அதைத் தடுக்க வேண்டியதில்லை.

எவ்வளவு நீளம், எப்படி அளப்பது

இப்போது நீளத்துக்கு வரலாம். ரப்பரின் முன்விளிம்பிலிருந்து ஊன்றிய பெருவிரல் வரை அளந்தால், நன்றாக வீசும் பெரியவர்களிடம் அது உயரத்தின் 80 முதல் 100 விழுக்காடு வரை இருக்கும். சிலர் அதையும் தாண்டுவார்கள். டேப் கையில் இல்லையென்றால் சொந்த ஷூவால் அளக்கலாம். ஆறு ஷூ நீளம் பெரும்பாலும் உயரத்தின் 90 விழுக்காட்டை ஒட்டி வரும். புதிதாகத் தொடங்குகிறவருக்கு நான்கரை, ஐந்து போதும்.

உயரம் உள்ளவருக்கு நீளம் எளிது, சந்தேகமில்லை. 2012-இல் மணிக்கு 77 மைல் வேகத்தில் வீசிய அமெரிக்கப் பிட்சர் மோனிகா அபாட்டின் உயரம் 6 அடி 3 அங்குலம். ஆனால் ஜப்பானின் யுகிகோ உவேனோ அவரைவிட அரை அடிக்கு மேல் குட்டை, அவரும் உலகின் வேகமான பிட்சர்களில் ஒருவர்தான். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் இரண்டு நாட்களில், மூன்று ஆட்டங்களில் அவர் 413 பந்துகள் வீசினார். கையை மட்டும் நம்பி வீசுகிறவரால் அப்படி வீச முடியாது.

ஒரு நல்ல சோதனை: முழு வேகத்தில் வீசிய பிறகு ஊன்றிய காலில் இரண்டு வினாடி ஆடாமல் நிற்க முடிகிறதா? முடிந்தால் இன்னும் அரை ஷூ நீட்டிப் பார்க்கலாம். முடியவில்லை என்றால் இருக்கும் நீளமே அதிகம். அரை ஷூ குறையுங்கள். பல பேருக்குக் குறைத்த அன்றே வேகம் அளக்கும் ஸ்பீடு கன்னில் எண் ஏறும்.

ஒவ்வொரு பந்து வகைக்கும் ஸ்ட்ரைடை மாற்றும் பழக்கம் பற்றியும் ஒரு வார்த்தை. கீழே இறங்கும் டிராப் பாலுக்குச் சற்றுக் குறைத்து எடையை முன்னால் கொண்டுவரச் சொல்வார்கள், மேலே எழுவதுபோல் வரும் ரைஸ் பாலுக்கு நீட்டி எடையைப் பின்னால் வைக்கச் சொல்வார்கள். இரண்டிலும் காரணம் உண்டு. ஆனால் வித்தியாசம் ஒரு கைமுட்டி அளவைத் தாண்டினால் கூர்மையான பேட்டர் கண்டுபிடித்துவிடுவார், மூன்றாம் பேஸில் நிற்கும் கோச் அதற்கு முன்பே கண்டுபிடித்துவிடுவார். சேஞ்ச் அப்பில் காலின் வேகத்தைக் குறைப்பது இதைவிட மோசம். கால்கள் வழக்கமான வேகத்தில் ஓட, பந்து மட்டும் மெதுவாகப் போனால்தான் பேட்டர் ஏமாறுவார்.

வீடியோவும் பயிற்சிகளும்

கைபேசியை வினாடிக்கு 240 பிரேம் வேகத்தில் வைத்து, இடுப்பு உயரத்தில், மூன்றாம் பேஸ் பக்கத்திலிருந்து ஒன்று, நேர் பின்னாலிருந்து ஒன்று எடுங்கள். கையில் பிடிக்காமல் எதன் மேலாவது வைத்துவிடுங்கள். பக்கவாட்டில் நான்கு பிரேம் மட்டும் பாருங்கள்: தள்ளத் தொடங்கும்போது கீழ்க்காலின் சாய்வு, ரப்பரை விடும்போது காலின் நீட்சி, பாதம் ஊன்றும்போது பந்து இருக்கும் இடம், பந்து விடும்போது முழங்காலும் தொப்புளும். ஊன்றும் பிரேமிலிருந்து பந்து விடும் பிரேம் வரை எண்ணினால் 24-ஐ ஒட்டி வரவேண்டும். பத்துக்குப் பக்கத்தில் இருந்தால் கால் தாமதம். பின்னாலிருந்து எடுத்ததில் பாதம் ஹோம் பிளேட்டுக்குப் போகும் கோட்டில் விழுகிறதா என்று மட்டும் பாருங்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் திருத்த முயல வேண்டாம். கோடு முதலில், இருப்பு அடுத்து, பாதக் கோணம் அதற்குப் பிறகு.

பந்து இல்லாமல் தொடங்குங்கள். தரையில் கயிறு கட்டி, அதன் மேல் மெதுவான ஸ்ட்ரைடு பத்து முறை, பாதம் எங்கே விழுந்தது என்று ஒவ்வொரு முறையும் குனிந்து பார்த்துக்கொண்டு. பிறகு ஊன்றி இரண்டு வினாடி நிற்பது, எட்டு முறை, இரண்டு சுற்று. அடுத்து ரப்பர் பட்டையை இடுப்பில் கட்டி, பின்னாலிருந்து ஒருவர் பிடிக்க, ஆறு முறை தள்ளுதல், பட்டையைக் கழற்றிவிட்டு நான்கு முறை. பட்டை ரொம்ப இறுக்கமாக இருந்தால் வீசுகிறவள் முன்னால் சாய்ந்து இழுக்க ஆரம்பிப்பாள், அப்போது பயிற்சி எதிர்ப்பலன் தரும். அதன்பின், பாதத்தை ஏற்கனவே ஊன்றிய நிலையில், 20 முதல் 25 அடி தூரத்திலிருந்து பத்துப் பந்துகள். இதில் ஸ்ட்ரைடே இல்லை, ஊன்றிய கால் தடுப்பதை உணர்வது மட்டுமே வேலை. கடைசியில் முழுத் தூரத்தில் பதினைந்து பந்துகள், மண் கோட்டை மட்டும் பார்த்துக்கொண்டு, ஸ்ட்ரைக்கா பாலா, அதாவது குறிக்குள் போனதா வெளியே போனதா என்று எண்ணாமல். கேட்சரிடமும் சொல்லிவைத்துவிடுங்கள், இல்லையென்றால் எண்ணிக்கொண்டிருப்பார்.

உள்ளரங்கில் பாயின் மேல் வீசும்போது இழுபடும் கால் ஒட்டிக்கொள்ளும் அல்லது வழுக்கும், இரண்டில் ஒன்று நிச்சயம். அங்கே எடுத்த ஸ்ட்ரைடு அளவை மைதானத்து அளவோடு ஒப்பிட வேண்டாம்.

பலத்துக்கு வாரம் இரண்டு நாள் போதும், ஆட்டத்துக்கு முந்தைய நாள் வேண்டாம். பெஞ்சைத் தொட்டு எழும் ஒற்றைக்கால் ஸ்குவாட், பக்கவாட்டு லஞ்ச், ஒற்றைக்காலில் நின்று இடுப்பிலிருந்து மடங்கும் டெட்லிஃப்ட், ஒவ்வொன்றும் காலுக்கு எட்டாக மூன்று சுற்று. சைடு பிளாங்க் 20 முதல் 30 வினாடி. உள்தொடைக்கு ஒரு பயிற்சி கட்டாயம் இருக்கட்டும், இழுபடும் காலின் உள்தொடை பிடித்துக்கொள்வது பிட்சர்களிடம் சகஜம். பிட்சர்கள் ஒரே பக்கமாக உழைப்பவர்கள் என்பதால் பலவீனமான காலில் தொடங்கி, அதால் எத்தனை முடிகிறதோ அதையே மற்றக் காலிலும் செய்யுங்கள்.

சிறுமிகளும், ஆட்டத்தின் கடைசிப் பகுதியும்

பத்து வயதுக்குள் உள்ளவர்கள் பெரும்பாலும் 35 அடியிலிருந்து 11 அங்குலச் சுற்றளவுள்ள பந்தை வீசுகிறார்கள், பன்னிரண்டுக்குள் 40 அடி, அதற்குப் பிறகு 43. தூரம் கூடும் ஒவ்வொரு முறையும் காலை நீட்டும் ஆசை வரும். இந்த வயதில் கோடும் பாதக் கோணமும் மட்டும் போதும். சட்டென்று வளரும் பருவத்தில் கால் நீளம் மாறிவிடுவதால் ஆறு மாதத்துக்கு முன்பு நன்றாக இருந்த ஸ்ட்ரைடு குலைந்துபோகும், கட்டுப்பாடும் போகும். சோம்பேறித்தனம் என்று திட்டாமல், உயரத்தையும் ஸ்ட்ரைடையும் மறுபடி அளந்து, பந்தில்லாப் பயிற்சிக்குத் திரும்புங்கள்.

ஆட்டத்தில் களைப்பு முதலில் காலில்தான் தெரியும், ஸ்பீடு கன்னில் பிறகு. முதல் இன்னிங்ஸில் ஊன்றிய இடத்தை டக் அவுட்டிலிருந்தே மனதில் குறித்துக்கொள்ளுங்கள். ஐந்தாவது இன்னிங்ஸில் சுவடு ஒரு பாதம் பின்னால் வந்திருந்தால், மண் கோடு ஆழமாகியிருந்தால், பந்து விட்டதும் உடம்பு முன்னால் தடுமாறினால், மாற்று பிட்சரைச் சூடுபடுத்தத் தொடங்கலாம். வேகம் இன்னும் குறையவில்லையே என்று காத்திருந்தால், குறையாமல் வைத்திருப்பது தோள் என்பதை மறக்கிறோம்.

வலி எங்கே என்று கேட்டால் கோளாறு எங்கே என்று ஓரளவு தெரிந்துவிடும். ஊன்றும் முழங்காலின் உட்பக்கம் வலித்தால் பாதக் கோணத்தைப் பாருங்கள். ஊன்றும் இடுப்பின் முன்பக்கம் வலித்தால் ஸ்ட்ரைடு அளவுக்கு மீறி நீண்டிருக்கலாம். இழுபடும் காலின் உள்தொடை என்றால் கால் பின்தங்குகிறது. கீழ்முதுகு என்றால் இருப்பில் இடுப்புக்குப் பதில் முதுகு மடங்குகிறது. ஓய்வெடுத்தும் சில நாட்களில் குறையாத வலி, இரவில் எழுப்பும் வலி, நொண்டவைக்கும் வலி இவற்றுக்கு வீடியோ பார்த்துக்கொண்டிருக்காமல் மருத்துவரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ அழைத்துச் செல்லுங்கள். திரும்பி வந்து முதல் வாரம் ஊன்றிய நிலையிலிருந்து குறைந்த தூரம் மட்டும், அதில் வலியில்லை என்றால் அடுத்த வாரம் முக்கால் வேகத்தில் ஸ்ட்ரைடு.